சுண்ணாம்பு வைத்த வேப்பமரம்

போன வெள்ளிக்கிழமை, திண்டிவனம் பஸ் ஸ்டாண்ட். விழுப்புரத்தில் பிளேடுக்கு வெல்டு வைத்துக்கொண்டு அப்போதுதான் வந்து இறங்கியிருந்தேன். பிளேடு என்றால் ஷேவிங் பிளேடு இல்லை. நாலு விரல் அகலம், மூன்று ஆள் நீளம். வளையமாகச் சுருட்டி, கோணியில் சுற்றித் தோளில் மாட்டியிருந்தேன். "இன்னாய்யா இது, மலைப்பாம்பா? அதுக்கும் ஒரு டிக்கெட் எடு" என்று கண்டக்டர் வழியெல்லாம் வம்புக்கு இழுத்துக்கொண்டே வந்தார். அந்தக் கடுப்போடு நின்றுகொண்டிருந்தேன்.

"மில்லு அண்ணா!"

திரும்பினேன். இடுப்பில் ஒரு பெண் குழந்தை. கையில் ஒரு பை மல்லாட்டைக் கடலை. முகம் நிறையச் சிரிப்பு. ஒரு நொடி யாரென்று தெரியவில்லை. அடுத்த நொடி தெரிந்தது. தெரிந்ததும் என் கண் தானாகத் தரைக்குப் போய்விட்டது.

நாலு வருஷத்துக்கு முன்னால் அவள் வீட்டு வேப்பமரத்தை அறுத்தவன் நான்.

மழை எப்படி, வேலை எப்படி என்றெல்லாம் கேட்டாள். என் கூட்டாளி கண்ணியப்பன் கை எப்படி இருக்கிறது என்று கேட்டாள். அப்புறம் குழந்தையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டே மெதுவாக ஒன்று கேட்டாள்.

"இன்னமும் எல்லாரையும் வச்சிக்கினுதான் கேக்கிறீங்களாண்ணா?"

"இல்லம்மா. அன்னியோட விட்டுட்டேன்."

"அப்ப அதை எழுதுங்க. வாரா வாரம் பேப்பர்ல இன்னான்னமோ எழுதுறீங்க. எங்க வூட்ல அதைச் சத்தம் போட்டுப் படிக்கிறதே நான்தான். இதையும் எழுதுங்க. எம் பேரு மட்டும் வேணாம்."

சரி, பேர் வேண்டாம். செல்வி என்று வைத்துக்கொள்வோம். ஊர், மயிலத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் ஏதோ ஒரு ஊர். மற்றதெல்லாம் நடந்தது நடந்தபடி.

உங்களில் பாதிப் பேருக்கு என் மெஷினைத் தெரியும். தெரியாதவர்களுக்காக நாலு வரி.

விழுப்புரத்தில் ஒரு மரவாடிக்காரர் புது மெஷின் வாங்கியதும் பழசைக் கழித்துக்கட்டினார். அதை நானும் கண்ணியப்பனும் பங்கு போட்டு வாங்கினோம். ரெண்டு பெரிய இரும்புச் சக்கரம்... ஒன்று மேலே, ஒன்று கீழே. ரெண்டையும் சுற்றி ஓடுகிற வளைய பிளேடு. தையல் மெஷினில் பெல்ட் ஓடுமே, அந்தப் பெல்ட்டுக்குப் பல் முளைத்தால் எப்படி இருக்கும்? அதுதான். மரத்தை ஒரு தள்ளுவண்டியில் படுக்கவைத்து, சின்னத் தண்டவாளத்தில் தள்ளினால், அந்தப் பக்கம் பலகையாகப் போகும்.

மரத்தை மில்லுக்கு ஏற்றி வருவதுதானே ஊர்க்காரனுக்குப் பேஜாரு? மில்லையே மரத்துக்குக் கொண்டுபோனால் என்ன? இதுதான் எங்கள் யோசனை. பழைய டிராக்டர் டிரெய்லர் ஒன்றின் மேல் மெஷினை உட்காரவைத்தோம். பக்கத்தில் ஒரு ஆயில் இன்ஜின். டிராக்டரை வாடகைக்குப் பிடித்து ஊர் ஊராகக் கிளம்பிவிட்டோம். அறுக்கிற வேலை கண்ணியப்பனுக்கு. பேசுகிற வேலை எனக்கு. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு வாய்தானே மூலதனம்?

முதல் ஒரு வாரம் ஒரு பலகை உருப்படியாக வரவில்லை. பத்து நிமிஷம் ஓடும், பிளேடு சக்கரத்தை விட்டு நழுவிவிடும். மறுபடி மாட்டு, மறுபடி முறுக்கு, மறுபடி நழுவல். மேல் சக்கரத்தைக் கொஞ்சம் சாய்த்துப் பார்த்தோம், நிமிர்த்திப் பார்த்தோம். கடைசியில் பார்த்தால் கோளாறு சக்கரத்தில் இல்லை, டயரில்! இன்ஜின் ஓட ஓட டிரெய்லர் டயர் மேலே குதிக்கிறது. அது குதித்தால் சக்கரம் ஆடுகிறது. சக்கரம் ஆடினால் பிளேடு எங்கே நிற்கும்? டிரெய்லரை ஜாக்கி போட்டுத் தூக்கி, நாலு மூலைக்கும் பனைத்துண்டு கொடுத்து, டயர் தரையைத் தொடாதபடி நிறுத்தினோம். கண்ணாடி டியூபில் தண்ணீர் ஊற்றி மட்டம் பார்த்தோம். அன்றைக்குத்தான் முதல் பலகை நேராக வந்தது.

பழைய மெஷின் வாங்குகிறவன் பழைய முதலாளியின் பழக்கத்தையும் சேர்த்துத்தான் வாங்குகிறான். அந்த ஆள் பிளேடை முறுக்கியது முறுக்கியபடியே ராத்திரியெல்லாம் விட்டுவைத்திருந்தார். பிளேடு பூராவும் கண்ணுக்குத் தெரியாத விரிசல். கண்ணியப்பன் சாயந்திரமானால் முதல் காரியமாக முறுக்கைத் தளர்த்திவிடுவான். "நாள் பூரா விறைச்சிக்கினு நின்னுச்சி, அதுவும் தூங்க வேணாமா?" என்பான். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் நிறுத்தி அரம் போடுவான். மரத்துப் பிசின் ஒட்டாமல் இருக்க ஒரு டப்பாவிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீரும் மண்ணெண்ணெயும் விழுந்துகொண்டே இருக்கும்.

அறுப்பதற்கு முன்னால் மரத்தைக் கழுவ வேண்டும். பட்டையில் ஒட்டியிருக்கிற மண் போதும், பல்லெல்லாம் மொக்கையாகிவிடும். தேங்காய் நாரும் குடத்துத் தண்ணீருமாகத் தேய்த்துக் கழுவுவேன். அது என் வேலை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மண்ணாவது பல்லைத்தான் மொக்கையாக்கும். மெஷினுக்கு எமன் வேறே. இரும்பு.

ஊர் மரத்தில் இரும்பா என்று கேட்காதீர்கள். கொடிக்கயிறு கட்டிய ஆணி, மாடு கட்டின கொக்கி, தேர்தலுக்கு அடித்த தகரத் தட்டி... எல்லாம் மரத்துக்குள்ளேதான் இருக்கும். மரம் துப்பாது, விழுங்கிவிடும். மேலே பட்டை மூடிவிட்டால் உள்ளே இருப்பது யாருக்குத் தெரியும்? வேகமாக ஓடுகிற பிளேடு ஒரு ஆணியைத் தொட்டால் பல் உதிரும். பிளேடு அறுந்தால்... அது எந்தப் பக்கம் பாயும் என்று சொல்ல முடியாது.

அதனால் கண்ணியப்பன் ஒரு பழைய ரேடியோ ஸ்பீக்கரின் காந்தத்தைக் கயிற்றில் கட்டி மரத்தைச் சுற்றி இழுத்துப் பார்ப்பான். எங்கேயாவது ஒட்டினால், வெத்தலை டப்பாவிலிருந்து சுண்ணாம்பு எடுத்து அங்கே ஒரு பெருக்கல் குறி போடுவான். அந்த இடத்தைத் தோண்டி இரும்பை எடுத்த பிறகுதான் அறுப்பு. ஆனால் காந்தத்துக்கு எட்டுவது மேலாக இருக்கிற இரும்பு மட்டும். ஆழத்தில் இருப்பதை வீட்டுக்காரர்கள்தான் சொல்ல வேண்டும்.

அதற்காகத்தான் கேள்வி. "இரும்பு உண்டா?" கேட்பது யார்? வாய்க்காரன். நான்.

அந்தக் கேள்வியை நான் ஒரு கூத்தாகவே ஆக்கி வைத்திருந்தேன். மெஷின் வந்தால் ஊரே கூடும். கூட்டத்தைப் பார்த்தால் எனக்குச் சும்மா இருக்க முடியுமா? இன்ஜின் மேல் ஏறி நின்று ஏலம் போடுகிற மாதிரிக் கேட்பேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த நுணல் தன் வாயால் இன்னொருத்தரையல்லவா கெடுக்கப் பார்த்தது?

விஷயத்துக்கு வருகிறேன்.

அந்த வருஷம் ஒரு பெருங்காற்றில் செல்வி வீட்டுக் கழனி வேப்பமரம் சாய்ந்துவிட்டது. ரெண்டு பேர் சேர்ந்து கட்டிப்பிடிக்கிற பருமன். செல்விக்குச் செஞ்சிப் பக்கத்தில் சம்பந்தம் முடிந்திருந்தது. தை மாசம் கல்யாணம். மாப்பிள்ளையின் அப்பா ஒரு நாள் வந்தவர் அந்த மரத்தைப் பார்த்திருக்கிறார். "கடைக் கட்டில் எதுக்கு சம்மந்தி? இம்மாம் பெரிய வேம்பு கிடக்குது. அறுத்துக் கட்டில் போடுங்க. நோய் நொடி அண்டாது" என்றிருக்கிறார். நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். செல்வியின் அப்பா — அவரைத் துரைசாமி என்று வைத்துக்கொள்வோம் — ஏதேதோ சாக்குச் சொல்லிப் பார்த்தார். நடக்கவில்லை.

அவர் ஏன் சாக்குச் சொன்னார்? அன்றைக்கு எனக்குத் தெரியாது. உங்களுக்காவது முதலிலேயே தெரியட்டும்.

செல்விக்குப் பதினாறு வயதில் அம்மா இறந்துவிட்டாள். மூன்று நாள் ஜுரம், அவ்வளவுதான். அதற்கப்புறம் அந்தப் பெண் மூன்று மாசம் வாய் திறக்கவில்லை. சோறு வைத்தால் சோற்றையே பார்த்துக்கொண்டிருப்பாள். கழனியில் போய் அந்த வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொள்வாள். ஊர் என்ன சொல்லும்? காத்து கருப்பு என்றது. மரத்தில் இருக்கிற ஏதோ ஒன்று பிடித்துக்கொண்டது என்றது. பூசாரி வந்தார். உடுக்கை அடித்தார். செல்வியின் உச்சிமுடியைக் கொத்தாக அறுத்து, ஒரு நீள ஆணியில் சுற்றி, அந்த வேப்பமரத்திலேயே அடித்து இறக்கினார். பேய் அங்கேயே நிற்கும், பெண்ணை விட்டுவிடும் என்பது கணக்கு. மரம் ஆணியை விழுங்கியது. ஊர் மறந்தது. செல்வியும் நாளாக ஆகப் பேச ஆரம்பித்துவிட்டாள்.

செஞ்சிச் சம்பந்திக்கு இது தெரியாது. பேய் பிடித்து ஆணி அடித்த பெண் என்று தெரிந்தால் எந்த வீட்டில் கொள்வார்கள்? கல்யாணம் நின்றுவிடும். ஒரு தடவை நின்றால் அந்தப் பேச்சு அடுத்த சம்பந்தத்துக்கும் முன்னாடியே போய் உட்கார்ந்துகொள்ளும். துரைசாமிக்கு இருந்த ஒரே பயம் அது.

நாங்கள் மெஷினைக் கழனி ஓரத்தில் நிறுத்தி மட்டம் பார்த்து முடித்தபோது சம்பந்தியும் வந்துவிட்டார். கட்டிலுக்கு எந்தப் பலகை என்று தானே பார்த்து எடுக்க வேண்டுமாம். வெள்ளை வேட்டி, தோளில் மடித்துப் போட்ட துண்டு, அதிகம் பேசாத மனிதர். சுற்றிலும் நாற்பது ஐம்பது பேர். கண்ணியப்பன் காந்தத்தை இழுத்துப் பார்த்தான். ஒன்றும் ஒட்டவில்லை.

நான் இன்ஜின் மேல் ஏறினேன்.

"ஐயாமாரே, அம்மாமாரே! கொடி ஆணி, மாட்டுக் கொக்கி, தொட்டில் வளையம், பேய் ஓட்டின ஆணி... எது இருந்தாலும் இப்பவே சொல்லிடுங்க! அப்புறம் அந்தப் பேய் எம் பிளேடு மேல ஏறிக்கும், என்னால ஓட்ட முடியாது!"

சிரிப்பென்றால் அப்படிச் சிரிப்பு. ஒரு ஆள், "அப்புறம் உம் பொண்டாட்டி எங்க போவாய்யா?" என்று குரல் கொடுத்தான். இன்னும் சிரிப்பு.

"துரைசாமி ஐயா, இன்னா சொல்றீங்க? இருக்குதா?"

அவரும் சிரித்தார். எல்லாரும் சிரித்து முடித்த பிறகு சிரித்தார். "அதெல்லாம் ஒண்ணும் இல்லப்பா. நீ ஆரம்பி."

அவர் சிரிப்பு ஏன் பிந்தி வந்தது என்று நான் யோசித்தேனா? யோசிக்கவில்லை. கூட்டம் சிரித்த சந்தோஷத்தில் கீழே இறங்கிக் குடத்தை எடுத்தேன். மரத்தைக் கழுவினேன். ஒரு பக்கம், மார்பு உயரத்துக்கு மேலே இருந்திருக்கும் மரம் நின்ற காலத்தில்... பட்டையில் வெள்ளையாக ஒரு தீற்றல். சுண்ணாம்பு. கண்ணியப்பனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. வெத்தலைக்குச் சுண்ணாம்பு தடவிவிட்டு மிச்சத்தை எது கிட்டத்தில் இருக்கிறதோ அதில் துடைப்பான். என் சட்டையில்கூடத் துடைத்திருக்கிறான். அதுதான் என்று நினைத்தேன்.

நாரை வைத்து நன்றாகத் தேய்த்துக் கழுவிவிட்டேன். வெள்ளையே தெரியாமல்.

இன்ஜினைச் சுற்றினேன். பெல்ட் ஏறியது. பிளேடு ஓட ஆரம்பித்தது. கூலி ஆட்கள் ரெண்டு பேர் தள்ளுவண்டியைத் தள்ள, கண்ணியப்பன் மரத்தின் மேல் இடது கையை வைத்து நடத்திக்கொண்டு போனான். வேம்பு ஈரமாக இருந்தது. நல்ல வாசனை. பாதி மரம் வரைக்கும் வெண்ணெய் மாதிரிப் போனது.

அப்புறம் ஒரு சத்தம்.

அதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. தகரத்தைக் கிழிக்கிற மாதிரி, அதற்குள்ளே யாரோ கத்துகிற மாதிரி. நெருப்புப் பொறி. "நிறுத்து!" என்று கண்ணியப்பன் போட்ட கூச்சல். நான் பெல்ட்டைத் தள்ளிவிட்டேன். ஆனால் அத்தனை பெரிய சக்கரம் உடனே நிற்குமா? வெல்டு வைத்த இடத்தில் பிளேடு அறுந்தது. அறுந்த நுனி ஒரு தரம் சுழன்று விசிறியது.

கூட்டம் நாலா பக்கமும் சிதறி ஓடியது. சக்கரம் நின்றபோது மரத்துப் பக்கத்தில் ரெண்டே பேர்தான் இருந்தார்கள். ஒன்று கண்ணியப்பன். இடது உள்ளங்கையிலிருந்து ரத்தம் முழங்கை வழியாக ஊற்றிக்கொண்டிருந்தது. இன்னொருத்தர் அந்தச் செஞ்சிச் சம்பந்தி. ஓடாமல் நின்ற இடத்திலேயே நின்றிருந்தார்.

நான் ஓடிப் போனேன். கண்ணியப்பன் கையைப் பார்க்கவில்லை. மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அறுபட்ட பட்டை பிளந்து ஒரு பக்கம் சரிந்திருந்தது. முதுகை இந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, வலது கையால் எதையோ வெடுக்கென்று பிடுங்கினான். பிடுங்கியதை ரத்தம் ஊற்றுகிற இடது கையில் வைத்து இறுக்கி மூடினான். தலைத்துண்டை அவிழ்த்து அந்தக் கையைச் சுற்று சுற்றென்று சுற்றிக்கொண்டான்.

"இன்னா மேஸ்திரி அது? ஆணியா?" யாரோ தூரத்திலிருந்து கேட்டார்கள்.

"வேலிக் கம்பிய்யா! எந்த நாய் எப்ப கட்டிச்சோ!" என்று கத்தினான் கண்ணியப்பன். "ஜல்தி வண்டியை எடுங்கய்யா, வலி உயிர் போவுது!"

துரைசாமியைப் பார்த்தேன். கழனி வரப்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டிருந்தார்.

வாடகை டிராக்டரில்தான் திண்டிவனம் கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். வழியெல்லாம் சொல்கிறேன், "கையைக் கொஞ்சம் தளர்த்துப்பா, ரத்தம் எங்கேருந்து வருதுன்னு பாக்கலாம்." விடமாட்டேன் என்கிறான். பல்லைக் கடித்துக்கொண்டு மூடியபடியே வைத்திருக்கிறான். வலியில் அப்படிச் செய்கிறான் என்றுதான் நினைத்தேன்.

ஆஸ்பத்திரியில் துண்டைப் பிரித்து நர்ஸம்மா விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தினார். உள்ளே துருப்பிடித்த அரை ஆணி. அதைச் சுற்றி ரத்தத்தில் ஊறிய முடிக்கற்றை. நர்ஸம்மா ஒரு நொடி கையை இழுத்துக்கொண்டார். டாக்டர் திட்டோ திட்டு என்று திட்டினார். "வெட்டுக் காயத்துக்குள்ளே துரு ஆணியை வெச்சிக்கிட்டு வருவானாய்யா எவனாவது? கை அழுகிப் போகணும்னு வேண்டுதலா?" ஊசி போட்டார். கழுவினார். பதினோரு தையல்.

எல்லாம் முடிந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தபோது கேட்டேன். "ஏன்யா, அந்த ஆணியை வேட்டி மடிப்புல சொருகக் கூடாதா? வெட்டுப்பட்ட கையிலயா வச்சிப்பே?"

"மடிப்புல வச்சா 'காட்டு பாப்போம்'பான். ரத்தம் ஊத்துற கையைத் தொறந்து காட்டுன்னு எவன் கேப்பான் முதலாளி?"

முதலாளி என்று என்னைக் கூப்பிடுவது அவன் கிண்டல். அன்றைக்குக் கிண்டலாகப் படவில்லை.

அப்புறம் அவனே சொன்னான். "எங்க ஊர்லயும் ஒரு மரம் நிக்குது. எத்தினி பேர் கூப்பிட்டும் அதை அறுக்க நான் போவல."

அந்த மரத்தில் இருப்பது யாருக்காக அடித்த ஆணி என்று நான் கேட்கவில்லை. கேள்வி கேட்பதில் எனக்கிருந்த தைரியமெல்லாம் அன்றோடு போய்விட்டது.

ஆணியைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். சாயந்திரம் மெஷினைக் கட்டி எடுத்துவரத் தனியாக ஊருக்குப் போனேன். சம்பந்தி போய்விட்டிருந்தார். கல்யாணத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையாம். வரேன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாராம். துரைசாமி வீட்டுக்குள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். கழனியில் யாரும் இல்லை. உடைந்த பிளேடுத் துண்டுகளை ஒரு தகர டின்னில் பொறுக்கிக்கொண்டிருந்தேன். செல்வி ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். போகாமல் நின்றாள்.

"அவருக்கு எப்பிடி இருக்குதுண்ணா?"

"தையல் போட்டிருக்காங்க. பரவாயில்லம்மா."

மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நேத்து தெக்கு வூட்டு மரத்தை அறுக்கறப்ப நான் பாத்துக்கினு இருந்தேன். இரும்பு இருக்கிற எடத்துல அவரு சுண்ணாம்பு வச்சாரு. அதைத் தோண்டி எடுத்தீங்க." நிறுத்தினாள். "காத்தால இருட்டோட வந்து நானும் வச்சிட்டுத்தாண்ணா போனேன். நீங்க பாக்கலியா?"



பார்த்தேன் அம்மா. பார்த்துத்தான் கழுவினேன்.

அதை அவளிடம் சொல்லவே எனக்கு ரொம்ப நேரம் ஆயிற்று. சொன்னேன். அவள் கோபப்படவில்லை. அப்போதுதான் அம்மா போனதையும், மூன்று மாசத்தையும், பூசாரியையும் சொன்னாள். ஏதோ அடுத்த வீட்டுச் செய்தி மாதிரி, ஒரே சீராக. கடைசியில் மரத்தைப் பார்த்துச் சொன்னாள். "பேய் இல்லண்ணா அது. அழுகை. அம்மா அந்த மரத்தடியிலதான் களையெடுத்துட்டு வந்து படுக்கும். அதான் அங்க போய் உக்காருவேன். சொன்னா யாருக்குப் புரியும்?"

சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்து நீட்டினேன். பிரித்துப் பார்த்தாள். ஆணியில் ஒட்டிக் காய்ந்திருந்த முடியைப் பொறுமையாக, ஒவ்வொரு சுற்றாக அவிழ்த்தாள். அவிழ்த்து முந்தானையில் முடிந்துகொண்டாள். ஆணியை என் டின்னில் போட்டாள்.

"முடி என்னுது. ஆணி எனக்கு வேணாம்."

நாலு மாசம் கண்ணியப்பனால் வேலை செய்ய முடியவில்லை. ஒரே ஒரு வேலையைத் தவிர மெஷின் பனைத்துண்டு மேலேயே சும்மா நின்றது. தை பிறந்தது. அந்தக் கல்யாணம் நடக்குமா, நிற்குமா என்று எனக்குத் தினமும் ஒரு பதைப்பு. கல்யாணப் பத்திரிகை வந்தபோது ரெண்டு தரம் வரி விடாமல் படித்தேன். நடந்தது. வேப்பங்கட்டிலும் போட்டார்கள், விழுப்புரத்திலிருந்து வேறு பிளேடு வாங்கிவந்து, வேறு ஆளை வைத்து நானே அறுத்துக் கொடுத்தேன். கண்ணியப்பன் கட்டுப் போட்ட கையோடு பக்கத்தில் நின்று, "அம்மாம் வேகமா தள்ளாதய்யா, அது இன்னா தேரா?" என்று அவனைத் திட்டிக்கொண்டே இருந்தான்.

அதன் பிறகு நான் இன்ஜின் மேல் ஏறுவதில்லை. முதல் நாள் சாயந்திரமே தனியாகப் போகிறேன். வீட்டுக்காரரைத் தனியாகக் கேட்கிறேன். அப்புறம் கொல்லைப்பக்கம் போய் அந்த வீட்டுப் பெண்களைத் தனியாகக் கேட்கிறேன். மரத்தில் என்ன இருக்கிறது என்று ஆம்பிளைகளுக்குத் தெரிவதை விட அவர்களுக்குத்தான் அதிகம் தெரிகிறது. எத்தனை ஆணி வந்திருக்கிறது தெரியுமா இப்படி? ஒருத்தருக்கும் தெரியாமல் தோண்டி எடுத்து, கேட்டவர்களிடம் கொடுத்திருக்கிறேன். ஊரைக் கூட்டி வைத்துக் கேட்டால் பொய்தான் பதிலாக வரும். பொய் சொன்னவர் மேல் குற்றமா, அந்த இடத்தில் வைத்துக் கேட்டவன் மேல் குற்றமா? எனக்குப் பதில் தெரியும். உங்களுக்கும் தெரியும்.

பஸ் ஸ்டாண்டுக்கு வருவோம். செஞ்சி பஸ் வந்து நின்றது. செல்வி பையை எடுத்துக்கொண்டாள். எனக்கு மனசு கேட்கவில்லை. இதுவும் கேட்கக் கூடாத கேள்விதானோ என்று பயந்துகொண்டே, பக்கத்தில் யாரும் இல்லையே என்று பார்த்துவிட்டுக் கேட்டேன்.

"வீட்ல... தெரியுமாம்மா?"

"அவருகிட்ட நானே சொல்லிட்டேண்ணா. கல்யாணமான மாசமே. மாமாகிட்ட மட்டும் பயந்துக்கினு சொல்லாமலே இருந்தேன். இவ பொறந்தப்புறம் ஒரு நாள் தைரியம் வந்து, 'மாமா, உங்ககிட்ட ஒண்ணு மறைச்சிட்டோம்'னு ஆரம்பிச்சேன். 'அந்த ஆணியா?'ன்னாரு."



"பாத்துட்டாராண்ணா. அன்னிக்கு ரெண்டடி தள்ளித்தானே நின்னாரு? முடியோட பாத்துட்டாரு. 'ஏன் மாமா ஒண்ணுமே கேக்கல'ன்னேன்." குழந்தையைத் தூக்கிப் படியில் வைத்தாள். "அதுக்கு அவரு சொன்னாரு: 'அறுபட்ட கையை வச்சி ஒருத்தன் அதை மூடிக்கினான். பெத்தவனும் இல்ல, பங்காளியும் இல்ல. அவனே மூடும்போது, அந்தக் கையைத் தொறக்க நான் யாரு?'ன்னாரு."

பஸ் போய்விட்டது. தோளில் பிளேடோடு நான் நின்றுகொண்டே இருந்தேன்.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். பழமொழி என்றால் எனக்கு உயிர். நானே ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன். ஆனால் அன்றைக்கு ஒரு கையும் ஒரு வாயும் மூடிக்கொண்டதில் ஒரு வீடு நின்றிருக்கிறதே, அதற்கு ஒரு பழமொழி இல்லையே?

வீட்டுக்கு வந்ததும் கண்ணியப்பனிடம் சொன்னேன். அரம் போட்டுக்கொண்டிருந்தவன் நிமிரவில்லை. "அப்பிடியா சொன்னாரு?" என்றான். இடது கையைத் தூக்கி ஒரு தரம் பார்த்துக்கொண்டான். சுண்டு விரலும் மோதிர விரலும் அன்றிலிருந்து மடங்கியேதான் இருக்கின்றன. அந்தக் கை முழுசாக விரிவதே இல்லை.

விரிய வேண்டிய கை இல்லை அது.